பட்டியலில் பதினொன்று

அத்தியாயம் 6

ஒரு பெண்ணைத் திருடி என்று நிரூபித்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு வந்தோம். மத்தியானம் ஒன்றரை ஆகியும் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

பூஜை விடுமுறை மூன்று நாள் கழிந்து ஆபீஸ் திறந்த முதல் நாள். பட்டம் என்கிற பகுதியில் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. என் முதலாளி சுடலைக்கண்ணு அண்ணாச்சி தன் ஐம்பத்தாறு வயசு முழங்காலோடு படியேறி வந்து ஒரு நாற்காலியைப் பிடித்தவர், இன்னும் அதை விடவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் அவருடைய துப்பறியும் ஆபீஸ். நான் ஷீனா, அங்கே ஒரே உதவியாள். ஊர் பாறசாலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

எங்களைக் கூப்பிட்டவர் ரெனி. கம்பெனி முதலாளி, நாற்பது வயசுகூட ஆகவில்லை, அதற்குள் தலையில் பாதி போய்விட்டது. மருந்து மொத்த வியாபாரிகளுக்கு அடுத்த மாசம் எந்த மருந்து எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே சொல்லும் மிஷின் லேர்னிங் மாடல்கள் செய்து விற்கிறார். பழைய விற்பனையைப் பார்த்துப் பார்த்துப் பழகி, வரப்போவதை ஊகிக்கிற சமாச்சாரம் அது. எல்லாம் ஒரு கிளவுட் டேட்டாபேஸில் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு மாடல். பதினொன்று சோதனைக்கு. பன்னிரண்டாவது ஒன்றுதான் எல்லாருக்கும் சோறு போடுவது. அந்தப் பன்னிரண்டாவதைக் காணோம்.

நாளைக்குக் காலையில் கொச்சியிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். ரெனி திரை முன்னால் உட்கார்ந்து அதே எஸ்.க்யூ.எல். வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். என்னென்ன மாடல் இருக்கிறதோ எல்லாவற்றையும் காட்டு என்று டேட்டாபேஸைக் கேட்கிற ஒற்றை வரி. தட்டுவார், பதினொரு பெயர் வந்து விழும். மறுபடி தட்டுவார், பதினொன்று.

“இனியும் தட்டினா பத்தாயிரும் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஜானவிதான் எடுத்தது. வேற ஆருமில்ல. திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குக் கடைசியா இந்தப் பட்டியலைப் போட்டது அவ. அப்போ பன்னெண்டு இருந்தது. பிறகு மூணு நாள் ஆபீஸ் பூட்டு. இன்னைக்குப் பதினொண்ணு. இன்னைக்குத்தான் அவளுக்கு இங்கே கடைசி நாள், அடுத்த வாரம் பெங்களூர்ல வேற கம்பெனி. போற போக்கில காப்பி எடுத்துட்டு இங்கே அழிச்சாச்சு, அல்லே?”

“நீங்க பாத்தீங்களா?” என்றார் அண்ணாச்சி.

“பட்டியல் இருக்கே சார். அஞ்சு மணி வரைக்கும் அவளுக்கு டைம் குடுத்திருக்கேன். ஒத்துக்கிட்டுத் திருப்பித் தந்தா ரிலீவிங் லெட்டரைக் குடுத்து விட்டிருவேன். இல்லன்னா சைபர் போலீஸ். புகார் ரெடி. அவ அப்பாவுக்கும் காலையிலேயே போன்ல விளிச்சுச் சொல்லியாச்சு.”

“அப்பாவுக்கு எதுக்கு? அவரும் இங்கே வேலை பாக்காரா?”

ரெனி என்னை முறைத்தார். நான் பேனாவைத் திறந்து மூடினேன். எத்தனை முதலாளிகள் இப்படி முறைத்துப் பார்த்தாயிற்று.

*

ஜானவியைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தேழு வயசு. காலையில் வைத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது. என் கண் அதிலேயே போய் நின்றது, வெட்கமாக இருந்தது.

“நான் எடுக்கலை சார்” என்றாள். “எடுக்கணும்னா நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருப்பேனே. எல்லாரும் என்னையே பாத்துண்டிருக்கற கடைசி நாளைக்கா வெச்சுப்பேன்?”

“அதை ரெனிகிட்ட சொன்னியாம்மா?”

“கேக்கமாட்டேங்கறார். காலம்பற வந்ததும் என் லாகினை நிறுத்திட்டா. நானா ஒண்ணும் செக் பண்ணக்கூட முடியலை. போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்தா பெங்களூர்க்காரா என்னை எடுக்கமாட்டா சார். அவா எடுக்கலைன்னா அப்பறம் யாருமே எடுக்கமாட்டா. எங்காத்துல…” நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். “ஸ்ரீவராகத்துல எங்க தெரு சின்னத் தெரு சார். பத்து மணிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. பொண்ணு என்னத்தைத் திருடினான்னு அம்மாகிட்டயே வந்து கேக்கறா. அம்மா கதவைச் சாத்திண்டு உள்ளே உக்காந்திருக்கா.”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நினைப்பார்கள். சில சமயம் தூங்கவும் செய்வார்.

“அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு விளங்கற மாதிரி சொல்லு.”

“ஒரு வரி போட்டா, நம்ம லாகினுக்குப் பாக்க உரிமை இருக்கற மாடல் எல்லாத்தையும் காட்டும் சார்.”

“உரிமை இல்லாதது?”

“அது வராது.”

“இருக்கு, உனக்குக் காட்டமாட்டேன்னாவது சொல்லுமா?”

“சொல்லாது சார். சும்மா விட்டுட்டு மத்ததைக் காட்டும்.”

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். “அப்போ அழிச்சிட்டாங்களா, ஒளிச்சு வெச்சிருக்காங்களான்னு இந்தப் பட்டியலைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது.”

ஜானவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “முடியாது. ஆனா எல்லார் லாகின்லயும் பதினொண்ணுதானே காட்டறது. எல்லார்கிட்டேயிருந்தும் ஒரேயடியா உரிமையைப் பிடுங்கினாத்தான் அப்படி வரும். அதை யாரு பண்ணுவா?”

“யாருன்னு பிறகு பாப்போம். முதல்ல ஆள் உள்ளே இருக்கானான்னு பாப்போம்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “தம்பானூர் லாட்ஜுல நான் ஆளைத் தேடிப் போனா, அப்படி யாரும் தங்கலை சார்னு கிளார்க் சொல்லுவான். நான் வாதாடமாட்டேன். செரிடே, அப்போ அந்த இருநூத்தி நாலாம் நம்பர் ரூமை எனக்குக் குடுன்னு கேப்பேன். அது காலி இல்ல சார்ம்பான். மதி, ஆள் உள்ளேதான்.”

ஜானவி அவரையே பார்த்தாள். அப்புறம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அதே பேர்ல புதுசா ஒண்ணு உண்டாக்கச் சொல்லணும்!”

“அதான் பிள்ளே. உங்க பாஷையில அதை எப்படிக் கேக்கணுமோ கேளு.”

ரெனிக்கு இது பிடிக்கவில்லை. வெற்று மாடல் ஒன்றை உண்டாக்கி என்ன பிரயோஜனம் என்றார். பிரயோஜனம் இல்லை என்றால் நஷ்டமும் இல்லையே என்றேன். ஜானவி வாசலில் நின்று சொல்லச் சொல்ல, அவர் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மாடல் இருக்கிறது, புதிதாக உண்டாக்க முடியாது.

ரெனி அதை மூன்று தடவை வாசித்தார்.

“ரூம் காலி இல்ல சார்” என்றேன்.

*

அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, யாரோ எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்திருக்கிறார்கள். ஜானவிக்கு அந்த அதிகாரம் கிடையாது. ரெனிக்கும் கிடையாது. டேட்டாபேஸில் யாருக்கும் உரிமை கொடுக்கவும் எடுக்கவும் முடிகிற மூல லாகின் ஒரே ஆளிடம் இருந்தது. ஸ்ரீகண்டன், ஐம்பத்திரண்டு வயசு, வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். இருபத்தாறு வருஷமாக டேட்டாபேஸ் வேலைதான்.

“அவர் எங்கே?” என்றார் அண்ணாச்சி.

“லீவு. புதன்கிழமை சாயங்காலம் அவரோட பெரியப்பா இறந்துட்டார். பத்து நாள் தீட்டு, பதினோராம் நாள் கழிஞ்சுதான் வருவார். காலையில விளிச்சுக் கேட்டேனே. எனக்கு ஒண்ணும் தெரியாது, வந்து பாக்கேன்னார்.”

“இப்போ விளிங்க.”

ரெனி மூன்று தடவை அடித்தார். எடுக்கவில்லை.

“அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார். உரக்கப் பேசக்கூட மாட்டார். இவளே அவரை ஏமாத்தி மூல லாகினை வாங்கியிருப்பா. அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. கண் முன்னால் சிவப்பு எழுத்தில் வந்தாலும் சில பேருக்கு மனசில் விழுந்தது விழுந்ததுதான். மணி மூன்றேகால்.

கிளம்பும்போது ஜானவி கண்ணாடி அறை வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, ஒண்ணு சொல்றேன். தினம் மத்தியானம் பன்னண்டு மணிக்கு இதே பட்டியல் தன்னால ஓடி எல்லாருக்கும் மெயில்ல வரும். மூணு வருஷமா வந்துண்டிருக்கு. யாரும் படிக்கறதில்லை. அதுல ஏதாவது இருக்குமோ என்னமோ.”

“யாரும் படிக்காததுதான் நமக்கு வேணும்” என்று படியிறங்க ஆரம்பித்தார் அண்ணாச்சி. அத்தனை மெயிலையும் எனக்குத் தள்ளிவிடச் சொல்லி ரெனியிடம் வாங்கிக்கொண்டேன்.

*

ஆட்டோ பாளையத்தில் நின்றது. முன்னால் ஏதோ ஒரு கட்சியின் ஊர்வலம், கோஷம் கேட்டது, கொடிதான் தெரியவில்லை. அண்ணாச்சி தலையைச் சாய்த்துவிட்டார். நான் போனில் மெயில்களை நோண்டினேன். ஆயிரத்துக்கு மேலே. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எனக்கும் பெரியப்பா வயசாகிவிடும். பன்னிரண்டாவது மாடலின் பெயர் வராத மெயில் எது எது என்று மட்டும் தேடினேன்.

ஏழு வந்தது. நாலு இந்த வாரத்தது. செவ்வாய், புதன், வியாழன், இன்றைக்கு. மற்ற மூன்றும் பழசு.

“அண்ணாச்சி, இது முதல் தடவை இல்ல. போன வருஷம் அக்டோபர் பதினொண்ணும் பன்னெண்டும் காணோம். பதிமூணாம் தேதி மத்தியானம் திரும்ப வந்தாச்சு. அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர் இருபத்திமூணு ஒரு நாள் காணோம். மறுநாள் வந்தாச்சு.”

“வருஷா வருஷம் எவனுக்கோ வாடகைக்கு விடுதான் போல.”

“ஒரு நாள், ரெண்டு நாளா? வாடகைச் சைக்கிளா அது?”

“பின்ன ஏன் தேதி மாறுது? திருட்டுப்பய வருஷா வருஷம் ஒரே தேதியில வரணும்னு இல்ல. ஆனா எப்பவும் அக்டோபர்ல வாரானே…” கண்ணை மூடிக்கொண்டே முணுமுணுத்தார்.

தேதி மாறுகிறது, மாசம் மாறவில்லை. எனக்கு என்னமோ உறுத்தியது. போனில் பழைய காலண்டரைத் திறந்து போன வருஷம் அக்டோபர் பன்னிரண்டைப் பார்த்தேன். சிவப்பு. மஹாநவமி. அதற்கு முந்தின வருஷம் இருபத்திமூன்று. சிவப்பு. மஹாநவமி.

“அடப்பாவி மனுஷா!” என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் தன்னைத்தான் சொன்னேன் என்று திரும்பிப் பார்த்தார்.

அஷ்டமி சாயங்காலம் சரஸ்வதி முன்னால் புஸ்தகம், பேனா, ஆயுதம் எல்லாவற்றையும் பூஜைக்கு வைப்பார்கள். விஜயதசமி காலையில் எடுக்கிறவரைக்கும் அதைத் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எங்கள் பாறசாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த நாளெல்லாம் புஸ்தகத்தைத் தொடாமல் குதித்துத் திரியும். நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு வருஷம் என் கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டுபோய் அவர்கள் பூஜையில் செருகிவிட்டு வந்தேன். அம்மா என் காதைப் பிடித்துக்கொண்டே போய் அதைத் திரும்ப வாங்கினாள்.

“மாடலைப் பூஜைக்கு வெச்சிருக்கார் அண்ணாச்சி.”

அவர் கண்ணைத் திறந்தார். ஆட்டோ நகர்ந்தது.

“கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெப்பாங்க. பாத்திருக்கேன்.”

“கம்ப்யூட்டருக்கு வெக்கலாம். மாடல் கிளவுடுல இருக்கு, அதுக்கு எங்கே போய்ச் சந்தனம் வெக்கிறது? அதான் எல்லார் உரிமையையும் எடுத்துட்டார். யாரும் பாக்க முடியாது, தொட முடியாது. விஜயதசமி காலையில உரிமையைத் திரும்பக் குடுத்திருவார். லீவு நாள், ஒருத்தனும் கவனிக்கமாட்டான்.”

“செரி. விஜயதசமி நேத்தே வந்துட்டுப் போயாச்சே. ஏன் எடுக்கல?”

நான் மறுபடி காலண்டரைப் புரட்டினேன். தம்பானூர் சிக்னலில் இன்னும் பத்து நிமிஷம் போயிற்று.

*

வலியசாலையில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் போய் நின்றபோது மணி நாலே கால். ஸ்ரீகண்டன் முன்னறையில் தரையில் வெறும் வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாள் தாடி. போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

“யாரு? இங்கே தீட்டு. வாசல்லயே சொல்லுங்கோ.”

அண்ணாச்சி தன் பெயரைச் சொன்னார், ரெனி அனுப்பியதைச் சொன்னார். அப்புறம் சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அலுப்பு வந்தால் கேள்வி சுருங்கிவிடும்.

“நேத்து காலம்பற பூஜையிலேர்ந்து எடுக்க வேண்டியதை ஏன் சார் எடுக்கல?”

ஸ்ரீகண்டன் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லிப் பழகாத மனுஷன் என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் காலையில் சொன்ன ஒரு பொய்யே அவரை இப்படித் தரையில் உட்கார்த்தி வைத்திருந்தது.

“எப்படித் தெரியும்?” என்றார்.

“தினம் வர்ற மெயில்ல இருக்கு. யாரும் படிக்கறதில்ல” என்றேன்.

“நான்தான் அந்த மெயிலைப் போட்டுவெச்சது. நானே படிக்கறதில்லை.” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அஷ்டமியன்னிக்கு சாயங்காலம் வெப்பேன். அது ஒண்ணுதானே எல்லாருக்கும் சோறு போடறது, மத்ததெல்லாம் விளையாட்டு. தசமி விடியக்காலம் குளிச்சுட்டு எடுத்துடுவேன். யாருக்கும் சொன்னதில்லை, ஆத்துலகூடச் சொன்னதில்லை. இந்தத் தடவை நவமியன்னிக்கு சாயங்காலம் பெரியப்பா போயிட்டார். அடுத்த நிமிஷம் எங்களுக்குத் தீட்டு. பத்து நாள் தீட்டுல பூஜைக்கு வெச்சதை நான் எப்படித் தொடுவேன்?”

அதுதான் பதில். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பன்னிரண்டாவது மாடல் தீட்டு கழிவதற்காகக் காத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒரு பெண் ஐந்து மணிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

“காலையில ரெனி கேட்டாரே. அப்போ சொல்லியிருக்கலாமே?” என்றார் அண்ணாச்சி.

“வாய் வரலை சார். இருபத்தாறு வருஷம் டேட்டாபேஸ் பாக்கறவன், அதைக் கொண்டுபோய்ப் பூஜைக்கு வெச்சேன்னு சொன்னா? ஆபீஸ்ல எல்லாம் சின்னச் சின்னப் பசங்கள். சிரியா சிரிப்பா. ரெனி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். பதினோராம் நாள் புண்யாஹம் ஆகித் தீட்டு கழிஞ்சதும் சத்தமில்லாம எடுத்துடலாம், ஏதோ சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிடலாம்னு…”

“அஞ்சு மணிக்கு அந்தப் பிள்ள மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க” என்றேன். “பதினோராம் நாள் நீங்க எடுத்தா அவ வேலை திரும்ப வருமா?”

அவர் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜம் வந்து நிலைப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

“எந்தப் பொண்ணு?” என்றாள்.

“ஜானவி. ஸ்ரீவராகம்” என்றேன்.

“இங்கே கொலுவுக்கு வந்தாளே, அவளா?” கணவனைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். “நேத்திக்கு நம்மாத்துப் பூஜையில இருந்த புஸ்தகத்தையெல்லாம் யாரு எடுத்தா? எதிராத்து மாமி ஸ்நானம் பண்ணிட்டு வந்து எடுத்து வெச்சுட்டுப் போகலையா? நம்ம தொடப்படாதுன்னா தீட்டு இல்லாதவா எடுத்தா ஆச்சு. இதென்ன உலகத்துல இல்லாத சாஸ்திரம்?”

“அது புஸ்தகம் சரோஜம். இதுக்கு என் லாகினை இன்னொருத்தர்கிட்ட குடுக்கணும். எதுக்குன்னு சொல்லணும்.”

“சொல்லுங்கோ.”

“எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே.”

“தெரியட்டும். அந்தப் பொண்ணுக்குத் தீட்டு இல்லையே, அவளே எடுக்கட்டும்.”

ஸ்ரீகண்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை தாண்டியது. நான் சொல்ல வாயெடுத்தேன், அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். அப்புறம் ஸ்ரீகண்டனே போனை எடுத்தார்.

*

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ரெனி எடுத்தார்.

“ரெனி, நான் ஸ்ரீகண்டன் பேசறேன். ஜானவியைக் கூப்பிட்டு உன் நாற்காலியில உக்கார வை. மூல லாகினைச் சொல்றேன், அவ அடிக்கட்டும்.”

“அவகிட்டயா? சார், திருடி கையில சாவியையா…”

“அவ திருடலை. அங்கே யாரும் திருடலை. நான்தான் மறைச்சு வெச்சேன்.” தொண்டையைச் செருமினார். “பூஜைக்கு வெச்சேன் ரெனி. தசமிக்கு எடுத்திருக்கணும், நடுவுல தீட்டு வந்துடுத்து. காலம்பற நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுவது கேட்டது. பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். ஸ்ரீகண்டனுக்கு அது கேட்டது. கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

நாற்காலி இழுபடும் சத்தம். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். யார் யாருக்கு உரிமையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொன்னார். ஜானவி தட்டத் தட்டக் கீபோர்டின் சத்தம் வந்தது.

“இனி பட்டியலைப் போடும்மா.”

ஒரு தட்டு.

“பன்னண்டு” என்றாள்.

ரெனி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார். சாரி ஜானவி, ரொம்ப டென்ஷன்ல இருந்தேன், லெட்டர் இப்பவே தாரேன், வேணும்னா நீ இங்கேயே இருக்கலாம், சம்பளம்… அவள் குறுக்கே பேசினாள்.

“ஸ்ரீகண்டன் சார்.”

“சொல்லும்மா.”

“காலம்பற ரெனி சார் உங்களுக்குப் போன் பண்ணினப்போ, என்னைத்தான் சந்தேகப்படறதாச் சொன்னாரா?”

சரோஜம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னார்” என்றார் ஸ்ரீகண்டன்.

“கேட்டுண்டேதான் தெரியாதுன்னேளா?”

“ஆமாம்மா.”

அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான். “செரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கேஸ் முடிந்தது. மணி நாலே முக்கால். வழக்கமாக இந்த நேரத்தில் அண்ணாச்சியை நான் ஒரு சீண்டு சீண்டுவேன், அவரும் ஏதாவது திருப்பித் தருவார். அன்றைக்கு ரெண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. செருப்பைத் தேடினோம்.

“அந்த ஆட்டோ இன்னும் நிக்கறதா?” என்றார் ஸ்ரீகண்டன்.

“நிக்குது. ஏன்?”

அவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “நான் ஸ்ரீவராகம் வரைக்கும் வரேன். அவ அம்மாகிட்ட சொல்லணும்.”

“தீட்டோட இன்னொருத்தர் ஆத்துக்கா?” என்றாள் சரோஜம்.

“உள்ளே ஏறமாட்டேன். தெருவுலயே நின்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

“தெருவுல நின்னு சொன்னா எல்லாருக்கும் கேக்குமே.”

“கேக்கட்டும்.”

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என்ன சொல்வது என்று பழகிக்கொண்டிருந்தார் போல. ஸ்ரீவராகத்தில் குளத்தைத் தாண்டி அந்தத் தெருவில் இறங்கினார். நாங்கள் இறங்கவில்லை. இறங்குவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

சாத்தியிருந்த கதவுக்கு நேரே நடுத்தெருவில் போய் நின்றார். கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்தத் தடவை உரக்க. கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே அந்த அம்மாவின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

“நான் ஸ்ரீகண்டன், ஜானவியோட ஆபீஸ்ல இருக்கேன். தீட்டு, உள்ளே வரமுடியாது. உங்க பொண்ணு ஒண்ணும் எடுக்கலை மாமி. நான்தான் அதை மறைச்சு வெச்சேன். அவ பேர் அடிபடறதுன்னு தெரிஞ்சும் நாள் முழுக்க வாயை மூடிண்டு இருந்தேன்.”

எதிர் வீட்டில் யாரோ வெளியே வந்தார்கள். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், எல்லாரையும் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.